சிறுநீரகத்துக்கு நல்ல தண்ணீர்

மெல்பேணிலிருந்து ஒன்றரை மணி நேரம் காரில் போனால், கனிம ஊற்றுகளுக்குப் பெயர்போன ஓர் ஊர் வரும். அங்கே பூங்காவில் கைப்பம்பு இருக்கிறது. அடித்தால் இரும்பு வாடையோடு குமிழியிடும் தண்ணீர் வரும். யாரும் பிடிக்கலாம், காசில்லை. மகன் என்னை அழைத்துப் போவான். ஒன்றரை லீட்டர் போத்தல்கள் பன்னிரண்டு கொண்டுபோவேன். ஒரு போத்தல் நிறைய இருபத்திரண்டு அடி. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தால் இருபதோடு நிறுத்துவேன். அந்தக் குறை வீடு வரும்வரை உறுத்தும்.

ஒரு காலத்தில் இந்தத் தண்ணீரைப் போத்தலில் அடைத்து ரயிலில் நகரத்துக்கு அனுப்பினார்களாம். வாயு பறந்துவிடாமல் அடைப்பதுதான் பெரும்பாடு. ஊரின் சிறிய காட்சியகத்தில், கழுத்துக்குள் கண்ணாடிப் போளை உருளும் போத்தல்கள் ஒன்பது இருக்கின்றன. நம் ஊர்ச் சோடாப் போத்தலேதான். தக்கை போட்டவை நான்கு. அவற்றில் ஒன்றில் மட்டும் லேபிள் அழியாமல் இருந்தது: வாதம், ஈரல், சிறுநீரகம், எல்லாவற்றுக்கும் நல்லது.

விற்கிறவன் அப்படித்தான் அச்சடிப்பான் என்பது படித்த எனக்குத் தெரியும். ஆனால் மெல்பேணில், ஸ்பிரிங்வேல் பகுதியில் இருக்கும் என் நண்பருக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு. அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. ஆறு போத்தல்களைக் கொண்டுபோய் வைத்தேன்.

“மருந்து மாதிரி நினைச்சுக் குடியும்.”

“இரும்புக் கதிரையை நக்கின மாதிரி இருக்கு, மச்சான்,” என்றார். ஆனால் குடித்தார்.

அடுத்த கிழமை மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நுரையீரலில் நீர். நான் போனபோது அவர் மனைவி டொக்டரிடம் மன்றாடாத குறை. நீங்கள் விதித்தபடி நாளுக்கு ஒரு லீட்டருக்கு மேல் கொடுக்கவேயில்லை, ரசத்தைக்கூட அளந்துதான் ஊற்றினேன் என்கிறார். டொக்டர் நம்பவில்லை. நண்பரின் மனைவி என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்:

“அண்ணை, நீங்கள் தந்ததையும் எனக்குத் தெரியாமல் குடிச்சவராம். மருந்தைத் தண்ணிக் கணக்கில சேர்க்கிறேல்லை எண்டு இப்பதான் சொல்லுறார்.”

டொக்டர் என்னவென்று கேட்டார். ஊற்றுத் தண்ணீர், ஒன்பது லீட்டர் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அளவில் ஒரு துளி பிசகில்லை.

“யார் கொடுத்தது?”

“ஒரு நண்பர்,” என்றேன்.

“நல்ல மனுசன், டொக்டர்,” என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. அப்போதும் கொடுத்தது நான்தான் என்று நான் சொல்லவில்லை.