அம்மாவுக்காகக் காத்திருந்த விளமீன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தூத்துக்குடிக் கடலில் இது தொடங்கியது. என் மகள் அப்போது நான்காம் வகுப்பு. நாங்கள் முத்தையாபுரத்தில் இருக்கிறோம். துறைமுகத்துக்குப் போகிற லாரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் எனக்கு வேலை.

அதற்கு முந்தின ஐப்பசியில்தான் அவளுடைய அம்மா குவைத்துக்குப் போயிருந்தாள். அங்கே ஒரு வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வைகாசியில் லீவு கிடைக்கும், வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன நாளிலிருந்து பிள்ளையின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. அம்மா போனில் வீடியோவில் வந்தாலும் "ம்", "சாப்பிட்டேன்" என்று முடித்துக்கொள்வாள். பிள்ளை அழுதால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியும். பேசாமல் இருந்தால் என்ன செய்வது?

எங்கள் பக்கத்துத் தெருவில் வள்ளம் வைத்து மீன் பிடிக்கிற அண்ணாச்சி ஒருவர் உண்டு. அவர்தான் சொன்னார். "பிள்ளையை ஒரு நாள் கடலுக்குக் கூட்டிட்டு வாலே. உப்புக் காத்து பட்டா வாய் தானாத் தொறக்கும்."

அன்று விடிந்தும் விடியாத நேரம். கடல் எண்ணெய் ஊற்றிய தாம்பாளம் மாதிரி அசையாமல் கிடந்தது. துறைமுகத்துக்குள் நுழைய முறைக்காகக் காத்து நின்ற கப்பல்களில் விளக்குகள் இன்னும் அணையவில்லை. அனல்மின் நிலையத்துப் புகை நேராக மேலே போய், ஒரு இடத்தில் நின்று எதையோ யோசித்துவிட்டு, மெல்லச் சாய்ந்தது. பிள்ளை கையில் தூண்டில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடலும் வானமும் எங்கே ஒட்டியிருக்கின்றன என்றே தெரியவில்லை. வள்ளம் எதிலோ தொங்கிக்கொண்டிருப்பது போல இருந்தது.

திடீரென்று கயிறு இழுபட்டது.

"ஏளா, விட்டுராத! சுண்டி இழு, சுண்டி இழு!" என்று அண்ணாச்சி கத்தினார்.

"அப்பா, கனமா இருக்குப்பா!"

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் குரலை அவ்வளவு சத்தமாகக் கேட்டேன். மேலே வந்தது ஒரு விளமீன். ஒன்றரைச் சாண் நீளம் இருக்கும். வெள்ளியில் லேசாகப் பச்சை பூசின மாதிரி உடம்பு, வாய்க்குள் செம்பருத்திச் சிவப்பு. தூண்டில் கொக்கி மாட்டியதில் மேலுதட்டில் சின்னதாக ஒரு கிழிசல்.

"குழம்பா, பொரிக்கவா?" என்று கேட்டேன்.

"ரெண்டும் வேண்டாம். அம்மா வரட்டும்."

"அம்மா வாரதுக்கு வைகாசி ஆகும்லா?"

"அதுவரைக்கும் வைங்க. முழுசா வைங்க. தலை, வாலு, முள்ளு எல்லாம் இருக்கணும். அம்மா பாக்கணும்."

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "உங்கம்மை வாரதுக்குள்ள இது கருவாடாயிரும்ளா!" எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேச்சே இல்லாத பிள்ளை வாய் திறந்து ஒன்று கேட்டுவிட்டது. வயிற்றையும் செவுளையும் மட்டும் எடுத்துவிட்டு, மீனை ஐஸில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

சும்மா பிரீசரில் போட்டால் சில வாரத்தில் மீன் காய்ந்து, சக்கை மாதிரி ஆகிவிடும். பையிலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டு வாயை ஒட்டுகிற மெஷின் ஒன்று உண்டென்று பட்டறையில் பேசக் கேட்டிருந்தேன். அன்று மாலையே இரண்டு பேரும் பஸ் ஏறி டவுனுக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு மெஷின்களை எடுத்து வைத்தார்.

"இது முறுக்கு, மிக்சருக்கு ஆவும். மீனுக்குன்னா அந்தப் பெரிசை எடுங்க அண்ணாச்சி. ஒட்டுத கம்பி அகலமா இருக்கு பாருங்க. ஈரச் சாமானுக்குத் தனி பட்டன் இருக்கு. தண்ணி ஏறிட்டா தேங்குததுக்கு இங்கன ஒரு பள்ளம், கழட்டிக் கழுவிக்கிடலாம்."

"பைக்கு வீட்டுல கிடக்குத பாலிதீன் கவரு போதும்லா?"

"அது ஆவாது. இந்தப் பைக்கு உள்பக்கம் வரி வரியா இருக்கு, தொட்டுப் பாருங்க. அந்த வரி வழியாத்தான் காத்து வெளிய வரும்."

பிள்ளை விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்து, "கடற்கரை மணல் மாதிரி இருக்குப்பா" என்றாள்.

வீட்டுக்கு வந்து நான் செய்த வேலையைக் கேளுங்கள் பிள்ளைகளே. எங்கள் ஊரில் மீன் என்றால் கல்லுப்பும் மஞ்சளும் தடவிக் கழுவாமல் விடமாட்டோம். நானும் நன்றாக மஞ்சள் பூசி, சொட்டச் சொட்டப் பையில் போட்டு, பட்டனை அழுத்தினேன். மெஷின் முனகியது. மஞ்சள் தண்ணீர் பைக்குள் அலை ஏறுவது போல ஏறி, ஒட்ட வேண்டிய விளிம்பெல்லாம் நனைந்துபோனது. பை ஒட்டவே இல்லை.

"அப்பா, மீன் தண்ணி குடிக்குது!"

"குடிக்கல, துப்புது" என்றேன் எரிச்சலில்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "மீனுக்கு மஞ்சள் பூசிக் கல்யாணமா பண்ணுதீங்க? கழுவித் துணியால ஈரம் போகத் துடைங்க. பை இல்லாம தட்டுல வச்சு, ஒரு ராத்திரி பிரீசர்ல கிடக்கட்டும். கல்லு மாதிரி ஆன பெறவு பையில போடுங்க" என்றார்.

மறுநாள் அப்படியே செய்தோம். மெஷின் உறிஞ்ச உறிஞ்ச, பை மெல்லச் சுருங்கி மீனின் செதிள், கண், உதட்டுக் கிழிசல் வரைக்கும் அணைத்துக்கொண்டது. கண்ணாடிக்குள் படுத்திருப்பது போல இருந்தது. பிள்ளை அதைத் தொட்டு, "தூங்கு" என்று சொன்னாள்.

அதன்பிறகு வந்த மாலைப்பொழுதுகளை நினைத்தால் இப்போதும் கனவு மாதிரிதான் இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பிரீசர் கதவைத் திறப்பாள். வெள்ளைப் புகை இறங்கி அவள் பாதத்தைச் சுற்றும். அந்தப் புகைக்குள் நின்றுகொண்டு, வகுப்பில் யார் அடி வாங்கினார்கள், யார் பென்சிலைத் தொலைத்தார்கள் என்று மீனிடம் சொல்வாள். "சத்தமாப் பேசினா முழிச்சிருமாப்பா?" என்று கேட்பாள். கொஞ்ச நாளில் அந்தப் பேச்சு என் பக்கமும் திரும்பியது. பிறகு போன் பக்கமும் திரும்பியது.

"அம்மா, உனக்கு ஒண்ணு வச்சிருக்கேன். என்னன்னு சொல்லு பாப்போம்."

"வளையலா?"

"இல்ல."

"படம் வரைஞ்சியா?"

"இல்ல."

"தூத்துக்குடிக்காரியாச்சே, முத்தா?"

"சிப்பிக்கு நான் எங்க போவேன்? வேற சொல்லு!"

தினமும் இதே விளையாட்டு. அங்கே அவளும் தினமும் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன்.

சித்திரையில் ஒரு நாள், ஐஸ் எடுக்கப் போன என் கையில் அந்தப் பை தளர்ந்து வந்தது. உள்ளே பூப்பூவாக ஐஸ் படிந்திருந்தது. மீனின் வால் பக்கம் வெளுத்து, பஞ்சு மாதிரி காய்ந்துபோயிருந்தது. தடவிப் பார்த்தேன். முதுகு முள் ஒன்று ஊசிமுனை அளவுக்குப் பையைத் துளைத்து வெளியே நின்றது. முழுசாக வைக்க வேண்டும் என்று முள்ளை வெட்டாமல் விட்டோம் அல்லவா, அந்த முள் போட்ட ஓட்டை.

எனக்கு மீன் போனது கவலையில்லை. இந்த மீனைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளை பேச்சுக்கு வந்திருக்கிறாள். இது போனால் அவள் மறுபடியும் "ம்" என்று ஆகிவிடுவாளோ என்றுதான் பயந்தேன்.

வள்ளக்கார அண்ணாச்சியிடம் சொன்னேன். மறுநாள் மத்தியானம் அவர் ஒரு விளமீனோடு வந்து நின்றார்.

"அதே அளவு, அதே மீனு. உதட்டுல ஒரு கிழி கிழிச்சுக் கொண்டாந்துட்டேன் பாரு. இதைப் பையில போட்டு உள்ள வையி. பிள்ளைக்கு என்னலே தெரியப் போவுது?"

அவர் எங்கள் மேலுள்ள பாசத்தில்தான் செய்தார். அவர் போன பிறகு, பழைய மீனைச் செய்தித்தாளால் மூடி ஓரமாக வைத்தேன். புது மீனைத் துடைத்துப் பையில் போட்டு, மெஷினில் வைத்து, ஈரச் சாமான் பட்டனை அழுத்தினேன். பை இறுகத் தொடங்கியது.

அந்த நேரம் தெருவில் என் மகளின் குரல் கேட்டது. கூட வந்த பிள்ளையிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். "எங்க வீட்டு மீனு தை மாசத்துல இருந்து தூங்குது, தெரியுமா? எங்கம்மா வந்துதான் எழுப்பணும்."

நான் பையைப் பார்த்தேன். காலையில் கடலில் நீந்திக்கொண்டிருந்த மீன் அது. எந்த மாலையிலும் அவள் பேசியதைக் கேட்காத மீன். என் விரல் போய் நிறுத்துகிற பட்டனை அழுத்தியது. 'புஸ்' என்று காற்று திரும்ப உள்ளே போனது.

உள்ளே வந்தவளிடம் சொன்னேன். "உன் மீனுக்குப் பை ஓட்டையாப் போச்சும்மா. வால் பக்கம் காஞ்சிட்டு."

அவள் செய்தித்தாளை விலக்கிப் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. அந்த நேரம் எனக்கு ஐப்பசி திரும்ப வந்துவிட்டது போல இருந்தது. பிறகு மீனின் உதட்டைத் தடவினாள். புது மீனைக் காட்டி, "இது யாரு?" என்றாள்.

"இதை வச்சு உன்னை ஏமாத்திரலாம்னு பாத்தேன்."

"நான் ஏமாற மாட்டேன். இது முழிச்சிட்டு இருக்கு" என்றாள். அப்புறம், "காஞ்ச பக்கத்தை மட்டும் வெட்டிருவோம்ப்பா. மிச்சம் நல்லாத்தானே இருக்கு?"

"முழுசா வைக்கணும்னு சொன்னியே?"

"அம்மாவும் போன்ல பாதிதான் தெரிவா. நான் வேண்டாம்னா சொன்னேன்?"

மீன் இளகுமுன்னே, பட்டறையில் இரும்பறுக்கிற புது ஆக்ஸா பிளேடு ஒன்றை வெந்நீரில் கழுவி, காய்ந்த வால் பக்கத்தை அறுத்தெடுத்தேன். முதுகு முள்ளைக் குறட்டால் நறுக்கினேன். "வலிக்காதாப்பா?" என்றாள். "தூங்குதுல்லா" என்றேன். நறுக்கிய முனைகள் மேல் தடித்த தாளை மடித்து வைத்து, புதுப் பையில் போட்டு ஒட்டினோம். அண்ணாச்சி கொண்டுவந்த மீன் அன்று ராத்திரி குழம்பானது. அவரையும் சாப்பிடக் கூப்பிட்டோம். "என் மீனை எனக்கே விருந்து வைக்கீங்களோ!" என்று சொல்லிக்கொண்டே இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

வைகாசியில் அவள் அம்மா வந்தாள். பையோடு இளக விடக் கூடாது என்று கடைக்காரர் சொல்லியிருந்ததால், முந்தின நாளே பையை வெட்டி எடுத்துவிட்டு, மீனைத் தட்டில் வைத்து பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்திருந்தோம். பிள்ளை அதை இன்னொரு தட்டால் மூடி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து அம்மா முன்னால் திறந்தாள்.

"மீனா! இதையா இத்தனை நாளா வச்சிருந்த?" என்று சிரித்த என் மனைவி, குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள். "ஏளா, வால் எங்க?"

அவ்வளவுதான், பிள்ளை ஆரம்பித்தாள். எண்ணெய் மாதிரிக் கிடந்த கடல், மஞ்சள் தண்ணி, வெள்ளைப் புகை, முள் போட்ட ஓட்டை, முழித்துக்கொண்டிருந்த மீன், அப்பா ஏமாற்றப் பார்த்தது. குழம்பு கொதித்து, இறக்கி, சோற்றில் ஊற்றியும் ஆயிற்று. அவள் நிறுத்தவில்லை. என் மனைவி உருட்டிய சோறு கையிலேயே இருக்க, பிள்ளையின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து, "இவ இவ்வளவு பேசுவாளா?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் கண் நிறைந்திருந்தது.

அந்த மெஷின் இன்றும் எங்கள் அடுக்களையில் இருக்கிறது. ஒவ்வொரு முறை பை இறுகும்போதும் என் விரல் தானாக அந்த நிறுத்துகிற பட்டன்மேல் போய் நிற்கிறது. அன்று அதை அழுத்தாமல் விட்டிருந்தால் வாலோடு ஒரு மீன் எங்களுக்குக் கிடைத்திருக்கும், வால் எங்கே போனது என்று சொல்லிச் சொல்லி ஓயாத அந்தக் குரல் கிடைத்திருக்காது.