எங்க ஒழுகுதுன்னு சொல்லுங்க

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. கட்டிவிட்ட கதை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இது நடந்தது என் மைத்துனனுக்கு, என் மனைவியின் கூடப் பிறந்த தம்பிக்கு. பொய் சொன்னால் அவனுக்குக் காது சிவந்துவிடும். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட வருமானத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லத் தெரியாமல் மாட்டிக்கொண்டவன். இதை அவன் என்னிடம் சொன்னபோது காது சிவக்கவில்லை. முகம்தான் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது.

ஒழுகும் கூரைகளைச் சரிசெய்வது அவன் தொழில். அதனால் எல்லோரும் அவனை 'ஒழுக்கு' என்றே கூப்பிடுவார்கள். "எங்க குடும்பத்துலயே ஒழுக்கம் உள்ள ஒரே ஆள்" என்று அவன் அக்கா கிண்டல் செய்வாள். அவனும் சிரித்துக்கொள்வான்.

மழைக்காலம் முடியப் போகிற சமயம். ஒரு நர்ஸ் அவனைக் கூப்பிட்டார். நடுத்தர வயது, தனி ஆள். ஒரு தெருக்கோடியில் பழைய ஓட்டு வீடு ஒன்றை புரோக்கர் மூலம் வாடகைக்கு எடுத்திருந்தார். ஓட்டுக்குக் கீழே மரப்பலகை அடித்த மச்சு. படுக்கை அறையில் சொட்டுகிறது என்றார்.

"எந்த இடத்துலக்கா?"

"தலைமாட்டுல. அதான் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டேன். ரெண்டே நாள்ல அங்கயும் தலைமாட்டுல சொட்டுச்சு. இப்போ கதவோரம் போட்டிருக்கேன். இங்கயும் வந்துடுச்சு."

ஒழுக்கு சிரித்தான். "தண்ணி அப்படித்தான்க்கா. ஓட்டை ஒரு பக்கம் இருக்கும். உள்ள வந்த தண்ணி சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டே ஓடி எங்கயோ போய்ச் சொட்டும். உங்க கட்டிலைத் தேடிக்கிட்டு வரல."

"எனக்கென்னவோ தேடி வர்ற மாதிரிதான் இருக்கு, தம்பி."

தலையணை உறையைக் காட்டினார். சொட்டு விழுந்து காய்ந்த இடங்களில் சின்னச் சின்ன வட்டங்கள். கூரைத் தண்ணீர் காய்ந்தால் மஞ்சளாகக் கறை விழும். இவை வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருந்தன. முகட்டுப் பூச்சிலிருந்து சுண்ணாம்பு கரைந்து வருகிறது என்று அவன் விளக்கம் சொன்னான்.

கூரையில் ஏறிப் பார்த்தால், ஒழுகுவதற்குக் காரணமா இல்லை? ஓரத்துத் தகரக் கால்வாயில் இலையும் குருவிக் கூடும் அடைத்துத் தண்ணீர் உள்பக்கம் திரும்பியிருந்தது. இரண்டு ஓடுகள் வெடித்திருந்தன. முகட்டுப் பூச்சு சுருங்கிப் பிளந்திருந்தது. புகைபோக்கியைச் சுற்றி அடித்த தகடு ஆணி துருப்பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சரிசெய்தான். ஓட்டுக்கு அடியில் சாதாரணமாக ஒரு வெளிச்சக் கீற்றாவது விழும். அதுகூட விழாத அளவுக்கு ஒவ்வொரு சந்தையும் பூசி அடைத்துவிட்டு இறங்கினான்.

மழை நின்றது. வெயில் பல்லைக் காட்ட ஆரம்பித்தது.

அப்போது நர்ஸ் மறுபடி கூப்பிட்டார்.

"தம்பி... இன்னும் சொட்டுது."

மழையே இல்லாமல் எப்படிச் சொட்டும்? மேலே தண்ணீர்த் தொட்டி இல்லை. குழாய் எதுவும் ஓடவில்லை. பனிக்காலமாக இருந்தால் உள்ளே ஈரம் கோத்துச் சொட்டும் என்றாவது சொல்லலாம். இது மண்டை பிளக்கும் வெயில். மச்சுக்கு மேலே ஏறிப் பார்த்தால்தான் தெரியும் என்று மறுநாள் மத்தியானம் போனான்.

நர்ஸ் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "வேலை முடிஞ்சா பூட்டிட்டு சாவியை ஆஸ்பத்திரில கொண்டு வந்து குடுத்துடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். தெருக்கதவை அவர் சாத்திக்கொண்டு போன சத்தம் கேட்டது. வீட்டில் இப்போது ஒழுக்கு மட்டும்தான்.

நடையின் கூரையில் ஒரு சதுர மூடி. ஆள் நுழைகிற அளவு. அதன் கீழ்ப்பக்கத்தில் தடியான இரும்புத் தாழ்ப்பாள். மேலே ஏறுகிற மூடிக்குக் கீழே எதற்குத் தாழ்ப்பாள் என்று ஒரு நொடி தோன்றியது. காற்றில் தடதடக்காமல் இருக்க வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். ஏணியைச் சாத்தினான். மேலே வெக்கை ஆளைக் கொல்லும் என்று சட்டையைக் கழற்றி ஏணிப்படியில் மாட்டினான். போன் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. டார்ச்சை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினான்.

உள்ளே உட்காரக்கூட முடியாது. தவழ வேண்டும். தலைக்கு மேல் ஓட்டைத் தாங்கும் தடித்த பலகை. முழங்காலுக்குக் கீழ் மச்சுப் பலகை. இரண்டுக்கும் நடுவில் அடுப்புக்குள் நுழைந்த மாதிரி சூடு. தூசி விரல்கடை உயரத்துக்குப் படிந்திருந்தது. எலி நடந்த தடம்கூட இல்லை. சட்டங்களைத் தடவினான். காய்ந்த எலும்பு மாதிரி இருந்தன. எங்கும் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

படுக்கை அறைக்கு மேலே வந்தான்.

டொக்...

கீழே தலையணையில் சொட்டு விழும் சத்தம்.

டார்ச்சைத் திருப்பினான். பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். அதற்கு நேர் மேலே இருந்த பலகையைத் தொட்டுப் பார்த்தான். உலர்ந்திருந்தது. மேலே இருந்து எதுவும் விழவில்லை. ஈரம் மட்டும் இருந்தது.

அதற்கப்பால் வெளிச்சத்தை ஓட்டும் முன்...

படார்.

மூடி சாத்திக்கொண்டது. காற்று இல்லை. ஒரு மூச்சுக் காற்றுகூட இல்லை.

அடுத்து, சரக் என்று தாழ்ப்பாள் இழுபட்டது.

நர்ஸ் எதையோ மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறார், திறந்து கிடக்கிறதே என்று மூடிவிட்டார் என்றுதான் அவன் நினைத்தான். தவழ்ந்து போய் மூடியைத் தட்டினான். "அக்கா, நான் உள்ள இருக்கேன்."

கீழே காலடி நின்றது.

"என்னங்க..." ஒரு பெண் குரல். நர்ஸின் குரல் இல்லை. "எங்க ஒழுகுது?"

பக்கத்து வீட்டுக்காரராக இருக்கும். "கூரை பாக்க வந்திருக்கேங்க. தாழ்ப்பாளைக் கொஞ்சம் எடுத்து விடுங்க."

"எங்க ஒழுகுதுன்னு சொல்லுங்க."

"இறங்கி வந்து சொல்றேங்க. மூச்சு முட்டுது."

காலடி நகரவில்லை. அவள் நேர் கீழே நின்றுகொண்டிருந்தாள்.

தோள் கொடுத்து மூடியை முட்டினான். அசையவில்லை. புரண்டு படுத்து மேல்பலகையைக் காலால் உதைத்தான். கால் ஓங்க இடம் இல்லை. சுத்தியல் கீழே பையில். கத்தினான். அவன் சத்தம் அவன் காதிலேயே மோதித் திரும்பியது. வெளியே போக ஒரு சந்து இல்லை. எல்லாச் சந்தையும் பூசி அடைத்தது அவனேதான்.

வியர்வை கண்ணில் வழிந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை.

"என்னங்க... கண்டுபிடிச்சீங்களா?"

சொல்லித் தொலைத்தால் விட்டுவிடுவாள் என்று தோன்றியது.

"கால்வாய் அடைச்சிருந்துச்சுங்க. இலை. எடுத்துட்டேன்."

"அது இல்ல."

"ஓடு வெடிச்சிருந்துச்சு. மாத்திட்டேன்."

"அது இல்ல."

"முகட்டுப் பூச்சு விட்டிருந்துச்சு..."

"அது இல்ல."

"புகைபோக்கித் தகடு..."

"அது இல்ல. நல்லா பாருங்க."

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனைக் கலக்கியது. சோறு போடட்டுமா என்று கேட்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாக இருந்தது. அப்போதுதான் அந்த 'என்னங்க' அவனுக்கு உறைத்தது. முன்பின் தெரியாத ஆளிடம் யாரும் அந்தத் தொனியில் சொல்வதில்லை. வீட்டில் பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடுகிற 'என்னங்க' அது.

டொக்...

அவன் திரும்பிப் பார்த்தான்.

ஈரம் நகர்ந்திருந்தது. படுக்கை அறைக்கு மேலே இருந்த ஈரம் இப்போது பாதி தூரம் வந்திருந்தது. அவனை நோக்கி.

டார்ச்சை அதன் மேல் அடித்தான்.

ஈரத்தைச் சுற்றித் தூசி அழுந்தியிருந்தது. முதலில் புரியவில்லை. பிறகு தோள் தெரிந்தது. முழங்கை தெரிந்தது. மடங்கிய கால் தெரிந்தது.

குப்புறப் படுத்த ஓர் ஆளின் அச்சு.

முகம் இருக்க வேண்டிய இடத்தில்தான் ஈரம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நடுவில் ஒரு துளி ஊறியது... பலகை இடுக்கில் இறங்கியது...

டொக்.

பக்கத்தில் தூசி லேசாக எழும்பியது. அடங்கியது. எழும்பியது. அடங்கியது.

யாரோ மூச்சு விடுவது போல.

"என்னங்க... எங்க ஒழுகுது?"

அவன் காலை மடக்கி இழுத்துக்கொண்டான்.

"சொல்லுங்க."

அச்சின் கை நீண்டது. தூசியில் விரல் விரலாகப் பதிந்தது. அவன் கணுக்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"இங்க..." என்றான். "இங்க ஒரு ஆள் இருக்காரும்மா."

டார்ச் வெளிச்சத்தில் அந்த ஈரம் மறுபடி ஊறியது.

"அழுறாரும்மா. அதான் ஒழுகுது."

சொட்டு விழுவது நின்றது.

பிறகு கீழே ஒரு பெருமூச்சு.

"சரி... இறங்கி வாங்க."

சரக்.

மூடி தானாகத் தொங்கித் திறந்தது. அவன் இறங்கவில்லை, விழுந்தான். நடையில் யாரும் இல்லை. ஏணி அவன் சாத்திய இடத்திலேயே இருந்தது. சட்டை அதிலேயே தொங்கியது. தெருக்கதவு சாத்தியபடி இருந்தது. வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

வீட்டைப் பூட்டிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனான். சாவியைக் கொடுத்துவிட்டால் அந்த வீட்டுக்கும் தனக்கும் தீர்ந்தது என்றிருந்தது அவனுக்கு. வார்டு வாசலில் வெகுநேரம் காத்திருந்த பிறகு நர்ஸ் வந்தார்.

"உக்கார வெச்சுட்டேன், தம்பி. ஒரு அம்மா போய்ட்டாங்க, இப்பத்தான். பக்கவாதம். இங்க வந்ததுலேர்ந்து ஒரு வார்த்தை பேசினதில்ல. இன்னிக்கு மத்தியானம் திடீர்னு வாய் திறந்துட்டாங்க. மேல பாத்துக்கிட்டே 'என்னங்க, என்னங்க'ன்னு ஒரே கூப்பாடு. அப்புறம் 'அது இல்ல, அது இல்ல'ன்னு..."

ஒழுக்கு சுவரைப் பிடித்துக்கொண்டான். "கடைசியா என்னக்கா சொன்னாங்க?"

"'இறங்கி வாங்க'ன்னாங்க. அதோட அடங்கிட்டாங்க. ஏன் தம்பி, என்னாச்சு உங்களுக்கு?"

இறந்தவளின் தம்பி பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "புருஷனைத்தான் அக்கா கூப்பிட்டிருக்கு, எங்க மாமாவை" என்றார், யாரையும் பார்க்காமல். "வீடு ஒழுகுது ஒழுகுதுன்னு ரெண்டு பேருக்கும் எந்நேரமும் சண்டை. ஒரு மழை நாள்ல மாமா மச்சு மேல ஏறினாரு. அதுக்கப்புறம் யாரும் அவரைப் பாக்கல. கோவிச்சுக்கிட்டு எங்கயோ போய்ட்டாருன்னு அக்கா சொல்லுச்சு. நாங்களும் துருவிக் கேக்கல. அப்புறம் படுத்த படுக்கையாகுற வரைக்கும் அக்கா அந்த வீட்லயே தனியா இருந்துச்சு. ஒழுகினாலும் கூரையில கை வைக்க யாரையும் விடல."

"எந்த வீடு?" என்று நர்ஸ் கேட்டார்.

அவர் தெருவைச் சொன்னார். கோடி வீடு என்றார்.

நர்ஸ் கையில் வாங்கிய சாவியை ஒழுக்கின் கையிலேயே திருப்பி வைத்தார். அன்று இரவு அவர் வீட்டுக்குப் போகவில்லை.

போலீசில் சொன்னார்கள். மச்சை முழுக்கப் பிரித்துப் பார்த்தார்கள். எலும்பும் இல்லை, எலியும் இல்லை. அந்த மனிதர் எங்கே போனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அடுத்த வாரம் நர்ஸ் அந்த வீட்டைக் காலி செய்தார். பட்டப்பகலில், கதவெல்லாம் திறந்து போட்டு, சாமானை வண்டியில் ஏற்ற ஒழுக்கும் போயிருந்தான். கட்டிலின் ஒரு முனையை அவன் பிடித்திருந்தான், மறு முனையை அவர். வாசற்படியில் அவர் நின்றுவிட்டார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், தம்பி. அந்த அம்மாவுக்குத் தினம் காலையில முகம் துடைச்சு விடுறது நான்தான். பேச்சுத்துணைக்கு யாரும் இல்லையேன்னு என் வீட்டுக் கதையெல்லாம் சொல்லுவேன். நேத்து ராத்திரியும் ஒழுகுச்சும்மா, கட்டிலை நகர்த்திப் போட்டேன், அங்கயும் தலைமாட்டுலயே சொட்டுதும்மான்னு..."

கட்டிலை மெல்லக் கீழே வைத்தார்.

"சொல்லச் சொல்ல அவங்க கண்ணுலேர்ந்து தண்ணியா வடியும். பாவம், எனக்காக அழுறாங்கன்னு துடைச்சு விடுவேன்."