சொல்வதை எழுதிய அக்கா

அக்கா பிறந்தது கோத்தகிரி அருகே கட்டபெட்டில். பள்ளிச் சான்றிதழ் ஜூன் மாதம் என்கிறது. சாலையில் மண் சரிந்து மருத்துவச்சி வர முடியாமல் போன ஆடி மாதம் என்று அம்மா கடைசிவரை சொல்லிவந்தார். நான் அம்மாவின் கணக்கையே ஏற்கிறேன். பள்ளியில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டிச் சொன்னவர் அப்பா.

தேயிலைத் தொழிற்சாலையில் குமாஸ்தாவாக இருந்த அப்பா இறந்தபோது நான் பள்ளி மாணவன். அக்கா சுருக்கெழுத்துப் பயின்று, குன்னூரில் ஒரு தேயிலை ஏற்றுமதி அலுவலகத்தில் சேர்ந்தார். மேலாளர் சொல்லச் சொல்ல எழுதுவதே வேலை. அங்கே ஜெர்மனியிலிருந்து கடிதங்கள் வரும். அந்த மொழியைக் கற்க அக்கா ஆசைப்பட்டார். ஆசிரியர் கிடைக்கவில்லை; சிற்றலை வானொலி கிடைத்தது. மாலைச் செய்தியில் காதில் விழுந்ததை எழுதிவைத்து, மறுநாள் அகராதியில் தேடுவார். என் படிப்பும் அக்காவின் ஜெர்மனும் ஒரே மேசையில் நடந்தன.

ஓய்வு பெற்றபின், வெளிநாடு செல்ல விரும்பிய செவிலியர்களுக்கு எங்கள் வீட்டு மாடியில் ஜெர்மன் கற்பித்தார். வகுப்பு எப்போதும் சொல்வதை எழுதுதலில்தான் தொடங்கும். ஒரு பத்தியை மூன்று முறை வாசிப்பார். முதல் வாசிப்பில் எவரும் எழுதக் கூடாது. "பென்சிலக் கீழ வைங்க. மொதல்ல கேளுங்க" என்பார். இரண்டாம் வாசிப்பில் எழுத வேண்டும், மூன்றாவதில் சரிபார்க்க வேண்டும்.

பிறகு குரல்வளையில் கட்டி. கோவையில் அறுவை சிகிச்சை நடந்தது. உயிர் தங்கியது, குரல் போயிற்று.

வகுப்பை மூடிவிடலாம் என்றேன். அக்கா தலையசைத்து மறுத்தார். கூடலூரிலிருந்து வந்து தங்கிப் படித்த ரசியா என்ற மாணவி, பேச்சுத் தேர்வில் ஏற்கெனவே இருமுறை தவறியிருந்தார். இம்முறையும் தவறினால், ஜெர்மனியில் ஒரு மருத்துவமனை அவருக்காக வைத்திருந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அக்கா சாக்பீஸோடு கரும்பலகை முன் நின்றார். புத்தகத்தை ரசியாவிடம் நீட்டி, வாசிக்கும்படி சைகை காட்டினார். மாணவி சொல்ல, ஆசிரியர் எழுதினார். ரசியா வேகமாகப் பேசிச் சொற்களின் கடைசியை விழுங்கிவிடுவார். காதுக்கு வராததை அக்கா எழுதவில்லை. அந்த இடங்களை வெற்றாக விட்டார்.

"ஏனுங்க மிஸ், பல்லு விழுந்த வாயாட்டம் இருக்குதுங்க!" என்றார் ரசியா.

அக்கா பலகையின் ஓரத்தில் தமிழில் எழுதினார்: "பல்லெல்லாம் நீதான் முழுங்கிட்ட. துப்பு."

வகுப்பே சிரித்தது. "சரிங்க, இன்னொருக்கா சொல்றேன். நீங்களும் கொஞ்சம் காதத் தீட்டி வெச்சுக்குங்க" என்று ரசியா மறுபடி தொடங்கினார்.

அன்றுமுதல் தினமும் அப்படித்தான். வெற்றிடமே இல்லாமல் ஒரு வரி அமைந்தால், அக்கா அதன் அடியில் நீளமாக ஒரு கோடு இழுப்பார். அந்தக் கோட்டுக்காக மாணவிகள் போட்டி போட்டார்கள். ரசியா தேர்ச்சி பெற்று ஜெர்மனி சென்றார்.

கட்டி திரும்பவும் வந்தது. கடைசி நாள்களில் ஒரு மாலை ரசியா தொலைபேசியில் அழைத்தார். "அங்கிள், ஃபோன மிஸ் காதுகிட்ட வைங்க. இங்க பனி கொட்டறதப் பத்தி நானே எழுதியிருக்கேனுங்க."

அக்கா பென்சில் கேட்டார். கொடுத்தேன். ரசியா வாசிக்கத் தொடங்கியதும் அது விரல்களில் நிற்கவில்லை, போர்வைமேல் வைத்துவிட்டார்.

"மிஸ் எழுதறாங்களா?"

"இல்ல அம்மணி. பென்சிலக் கீழ வெச்சுட்டாங்க."

"அப்ப இது மொத வாசிப்புங்க. இன்னும் ரெண்டு இருக்குது" என்றார் ரசியா.

மூன்று முறையும் நிதானமாக வாசித்தார்.

அக்காவுக்குச் சிகிச்சையளித்த மருத்துவர்களுக்கும், கோவையில் எங்களுக்கு இடம் தந்த சித்தப்பா குடும்பத்தாருக்கும், முறைவைத்து அருகிலிருந்த மாணவிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ரசியாவுக்கு மட்டும் நன்றியோடு ஒரு செய்தியும் உண்டு. அன்று தொலைபேசியில் அவர் பார்த்திருக்க முடியாது. மூன்றாம் வாசிப்பு முடிந்ததும், அக்கா சுட்டுவிரலால் போர்வைமேல் நீளமாக ஒரு கோடு இழுத்தார்.