பூச்சாட்டில் அகப்பட்டுக்கொள்ளப் போன பயணம்

பெருமாநல்லூரிலிருந்து அமராவதி நகர் பக்கம் நோம்பிக்குப் போவது எப்படி என்று இங்கே இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். (திருவிழாவை எங்கள் பக்கம் நோம்பி என்றுதான் சொல்வோம்.) அந்த வழியில் நான் பலமுறை போயிருக்கிறேன். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது ஒரே ஒரு பயணம். அறுபதுகளின் கடைசி, சித்திரை மாதம், செவ்வாய்க்கிழமை. அதைச் சொன்னாலே வழியும் வந்துவிடும்.

நான் பெருமாநல்லூரில் வாழ்க்கைப்பட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. பிறந்த ஊர் அமராவதி நகருக்குச் சற்று முன்னால், கால்வாயை ஒட்டி. அங்கே மாரியம்மன் நோம்பி பூச்சாட்டில் தொடங்கும். அம்மனுக்குப் பூ வைத்துத் தப்பட்டை அடித்துவிட்டால், அந்த நேரத்தில் ஊர் எல்லைக்குள் இருப்பவர்கள் நோம்பி முடியும்வரை வேறு ஊரில் இராத் தங்கக் கூடாது. பதினைந்து நாள். மகளோ மருமகனோ, வழிப்போக்கனோ, எல்லோருக்கும் ஒரே சட்டம்.

இது என் மாமியாருக்கு நன்றாகத் தெரியும். என்னைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பமாட்டேன் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சாட்டுக்கு முன்னால் அனுப்புவார், நோம்பி முடிந்த பிறகு அனுப்புவார். அவ்வளவு நல்ல மனசு! மூன்று வருஷமாக நான் நோம்பியைப் பார்க்கவில்லை. அடுப்படியில் நிற்கும்போது தப்பட்டைச் சத்தம் காதில் விழுகிற மாதிரி இருக்கும், வெளியே வந்து பார்த்தால் ஒன்றும் இருக்காது.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கு மின்வெட்டால் விடுமுறை. காலையில் போய் என் அம்மாவைப் பார்த்துவிட்டு இரவு திரும்பிவிடலாம் என்றார். அன்றைக்குத்தான் சாட்டு என்று எனக்குத் தெரியும். நான் வாயே திறக்கவில்லை. மாமியாருக்குச் சந்தேகம் இருந்தது.

"சாட்டறதுக்கு முன்னால கெளம்பிருங்க கண்ணு. நீ அங்க மாட்டிக்கிட்டீன்னா இங்க மாட்டுக்குத் தண்ணி காட்டக்கூட ஆளில்லை."

"ஆகட்டுங்க அத்தை" என்றேன். பொய் சொன்னது வாய்தான், கால் அப்போதே நடக்கத் தொடங்கியிருந்தது.

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். திருப்பூர் போய், அங்கிருந்து பல்லடம், பிறகு உடுமலை, உடுமலையிலிருந்து அமராவதி நகர் வண்டி. எல்லாம் சேர்த்துச் சுமார் நூறு கிலோமீட்டர். அன்றைக்கு ஆளுக்கு மூன்று ரூபாய்க்குள் முடிந்தது. பல்லடம் தாண்டியதும் வண்டியின் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்றில்லை. எல்லோரும் இறங்கி ஒரு வேப்பமரத்தடியில் நின்றோம்.

ஒரு மணி நேரம் போனதும் அவர் வெயிலை அண்ணாந்து பார்த்தார். "திரும்பிரலாமா புள்ள? போனாலும் நின்னு பேச நேரமிருக்காது."

"வேண்டாமுங்க. அம்மா மூஞ்சியப் பாத்தாப் போதுங்க" என்றேன். குரல் உடைந்துவிட்டது, அது நடிப்பு இல்லை.

எங்களோடு நின்றவர்களில் ஒரு பூக்காரர் இருந்தார். ஈரச்சாக்கு போர்த்திய பெரிய கூடை. வாடிவிடுமே என்று சாக்கின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தார். என் வீட்டுக்காரர் அவரிடம் போய் ஏதோ பேசினார். திரும்பி வந்தபோது கையில் ஒரு முழம் மல்லிகை. பேரம் பேசி வாங்கியிருக்கிறார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு திரும்புகிற பேச்சையே அவர் எடுக்கவில்லை.

ஊர் போய்ச் சேர இரண்டு மணி. அம்மா எங்களைக் கண்டதும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். "வாங்க மாப்பிள்ளை" என்று அவரை வரவேற்றுவிட்டு என் தலையைத் தடவினார். சாட்டு நாள் என்று அம்மா சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். சொல்லவில்லை. பெற்றவளுக்குத் தெரியாதா!

கடைசிப் பேருந்து ஆறரைக்கு, கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும். ஊர் எல்லை அந்தப் பாலம். புறப்படும்போது செருப்பைத் தேடினேன், தண்ணீர் குடித்தேன், மறுபடியும் தண்ணீர் குடித்தேன். அவர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. பாலம் வந்ததும், "நான் வண்டியை நிறுத்தறேன்" என்று சொல்லி வேகமாக நடந்தார். நான் பின்தங்கினேன். அவர் அந்தப் பக்கம் கால் வைத்ததும் கோயிலில் தப்பட்டை அடித்தது.

பாலத்தின் பாதி எனக்கு மிச்சம் இருந்தது. ஓடினால் போயிருக்கலாம், யாரும் பார்க்கவில்லை. அவர் திரும்பினார்.

"அங்கயே நில்லு புள்ள. காலை எடுத்து வெச்சறாத. எங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"நீங்களும் வந்துருங்களே!"

"வேலை போயிருமுல்ல" என்று சிரித்தார். கண்டக்டர் விசில் ஊதினார். வண்டி போய்விட்டது.

மூன்று வருஷமாக ஏங்கியது கைக்கு வந்துவிட்டது. கோயில் முன்னால் கம்பம் நட்டார்கள். மூன்று கிளை உள்ள மரம்தான் கம்பம், அதுதான் அம்மனுக்குப் புருஷன். விடிகாலையில் பெண்கள் ஈரப்புடவையோடு அதற்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். வீடுகளில் கடுகு தாளிக்கமாட்டார்கள், அந்த மொட்டைக் குழம்பு அமிர்தமாக இருந்தது. ஆனால் இரண்டாம் நாளே எனக்குப் பேருந்துச் சத்தம் கேட்டால் எழுந்து போகத் தோன்றியது. அம்மனுக்கு வருஷத்தில் அந்தப் பதினைந்து நாள்தான் புருஷன் உண்டு. எனக்கு அந்தப் பதினைந்து நாள்தான் இல்லை. குடத்தைச் சாய்க்கும்போதெல்லாம், அங்கே மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுகிறார்கள் என்றுதான் நினைப்பு ஓடியது.

சாட்டுக்குப் பூ கொண்டுவந்திருந்த அந்தப் பூக்காரரைக் கோயிலில் ஒருநாள் பார்த்தேன். "உங்க ஊட்டுக்காரர் நல்லவருங்க. பல்லடத்துல டயர் வெடிச்சப்பவே, சாட்டு எந்நேரத்துக்குன்னு என்கிட்ட வெவரமாக் கேட்டுக்கிட்டாருங்களே" என்றார்.

கடைசி நாள் கம்பத்தைப் பிடுங்கிக் கொண்டுபோய்த் தண்ணீரில் விட்டார்கள். எல்லோரும் குலவை போட்டார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. அடுத்த வருஷம் இன்னொரு மரம் வரும், அம்மனுக்குக் கவலை இல்லை.

சரி, போகிறவர்களுக்கு. இப்போது திருப்பூரிலிருந்து உடுமலைக்கு நிறையப் பேருந்துகள், இரண்டு மணி நேரம் போதும். உடுமலையிலிருந்து ஒரு மணி நேரம். சாட்டு நாள் வருஷத்துக்கு வருஷம் மாறும், ஊரில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். கம்பத்தின் அருகே செருப்போடு போகாதீர்கள். தங்குவதற்கு உடுமலைதான் வசதி, ஆனால் சாட்டுக்குள் நின்றுவிட்டால் அங்கே தங்க முடியாது, யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் இன்னும் ஒவ்வொரு சாட்டுக்கும் போகிறேன். அவர் காலமாகி நான்கு வருஷம் ஆகிறது. தப்பட்டை அடிக்கும்போது பாலத்தில்தான் நிற்பேன். ஆகவே கடைசியாக ஒன்று. கூட வந்தவர் உங்களை உள்ளே விட்டுவிட்டு அந்தப் பக்கம் நடந்தால், கையைப் பிடித்து இழுத்துக்கொள்ளுங்கள். வேலை போனால் போகட்டும்.