காவலுக்கு ஒரு கட்டுக் கதிர்

தொலைந்த காளை திரும்பி வந்தபோது அதன் கொம்பில் எண்ணெய் மினுங்கியது. வயிறு நிறைந்திருந்தது. மூக்கணாங்கயிறு புதிது. ஓட்டிக்கொண்டு வந்தவர் எங்கள் ஊர்க் காவல்காரர். தொழுவத்தில் அவரே கட்டினார். நான் கொம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். களவு போன மாட்டுக்கு எண்ணெய் தடவியது யார்?

அப்போது ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே குத்தகைக்குப் பயிர் வைத்திருந்தேன். அறுப்புக்கு அறுப்பு காவல்காரருக்கு ஒரு கட்டுக் கதிர் எடுத்து வைப்பது வழக்கம். களவு போகாமல் பார்ப்பது அவர் பொறுப்பு. போனால் தேடிக் கொண்டுவருவதும் அவர் பொறுப்பு. கதிர் கொடுக்காதவன் வீட்டில்தான் களவு போகும் என்றும் ஒரு பேச்சு இருந்தது. யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள்.

போலீஸ் ஸ்டேஷன் வந்த பிறகு என் மச்சான் சொன்னான்: "சர்க்காரே காவலுக்கு ஆளு வச்சிருக்கு. நாம எதுக்கு வே கதிரைக் கொடுக்கணும்?" அந்த அறுப்பில் நான் கொடுக்கவில்லை. காவல்காரர் களத்துக்கு வந்து பார்த்தார். "சரி அண்ணாச்சி. இனி உம்ம மாட்டை நீரே பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டுப் பைய நடந்து போனார். மிரட்டலா, விடைபெறுதலா, தெரியவில்லை.

அன்று முதல் தொழுவத்திலேயே படுத்தேன். மாட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வேன். "ஒரு கட்டு கதிருக்காவா இப்படி மாட்டோட மாடா கெடக்கிய?" என்றாள் வீட்டுக்காரி. வாய்க்காலில் தண்ணீர் திறந்த சமயம், உச்சி வெயிலில், காளைகளை ஆற்றில் குளிப்பாட்டி மேயவிட்டேன். வேட்டியை அலசிவிட்டுத் திரும்பினால் ஒன்றுதான் நின்றது.

ஒற்றைக் காளையோடு உழ முடியாது. தண்ணீர் முறை போனால் நடவு இல்லை. நடவு இல்லையென்றால் நிலக்காரர் குத்தகையை வேறு ஆளுக்கு விட்டுவிடுவார். ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஏட்டு வெற்றிலையைத் துப்பிவிட்டுக் கேட்டார்: "காவக்காரன்ட்ட கேட்டீரா வே? அவன்ட்ட கேக்காம இங்கன எதுக்கு வந்தீரு?"

போனேன். காவல்காரர் வாசலில் உட்கார்ந்து கம்புக்குப் பூண் அடித்துக்கொண்டிருந்தார். "நான் எடுக்கல அண்ணாச்சி" என்றார், நான் கேட்காமலே. "நீரு வீட்டுக்குப் போம். மாடு வரும்."

மறுநாள் வந்தது. எங்கே கிடைத்தது என்று நான் கேட்கவில்லை. உழுதேன், நட்டேன். அறுப்பில் இரண்டு கட்டு எடுத்து வைத்தேன். அவர் ஒன்றைத்தான் தூக்கிக்கொண்டு போனார். திருடியவர் என்றால் இரண்டையும் எடுத்திருப்பார் என்று ஒரு நாள் தோன்றும். திருடியதால்தான் ஒன்றோடு நிறுத்தினார் என்று மறுநாள் தோன்றும்.

பிறகு நிலத்தை விட்டுப் பிழைக்க வந்தேன். பேட்டையில் ஒரு வியாபாரி பஞ்சு மூட்டை அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் காவல் வேலை. இங்கே 'கார்டு' என்கிறார்கள். கொடி காட்டி ரயிலை அனுப்புகிறவரும் கார்டு. கஜானா வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறவரும் கார்டு. துரைமார் சைக்கிளில் சேறு தெறிக்காமல் இருக்க மாட்டிய தகடும் கார்டு. கம்போடு உட்கார்ந்திருக்கும் நானும் கார்டு. இதில் தகட்டை மட்டும் யாரும் சந்தேகப்படுவதில்லை.

மூட்டை ஒன்று குறைந்தால் முதலாளி முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறார். கோபம் வருவதில்லை. நான் முதலாளியாக இருந்தாலும் அங்கேதான் பார்ப்பேன்.