கொதிக்க வைத்த தாய்ப்பால்

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லொறியிலும் மீன்வாடியிலும் திரிந்துகொண்டிருந்தபோது, தங்கைக்கு மாதம் நிறையும் முன்பே பிள்ளை பிறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அகதி முகாமிலிருந்து வெள்ளாங்குளத்துக்குத் திரும்பி, தங்கையும் மாமியாரும் தறப்பாள் கொட்டிலில் இருந்த காலம். அவளுடைய புருஷன் இன்னும் ஆமியின் தடுப்பு முகாமில் இருந்தான்.

குழந்தை மன்னார் ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. தாய்மாருக்குக் கட்டில் போதவில்லை என்று தங்கையைத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளும் மாமியாரும் பக்கத்தில் தெரிந்தவர் வீட்டில் தங்கினார்கள். அவள் பீய்ச்சித் தரும் பாலை மாமியார் மூடித் தருவார். நான் சைக்கிளில் கொண்டுபோவேன்.

“மருந்தைவிட இதுதான் பெரிசு,” என்றாள் வார்டுத் தாதி மிஸ்ஸி. “இதுக்குள்ள உயிருள்ள கலங்கள், செல் எண்டு சொல்லுறது, இருக்கு. வேற வேற கலமா மாறக்கூடிய மூலக்கலங்களும் இருக்காம். பிள்ளையின்ட உடம்புக்குள்ள அது என்ன செய்யுது எண்டு இன்னும் ஆராயினம். கெதியாக் கொண்டு வாங்கோ.”

எனக்குப் பாதிதான் விளங்கியது. உயிருள்ளது என்றதால் குலுங்காமல் ஓட்டினேன்.

ஒருநாள் மிஸ்ஸி மூடியைத் திறந்தாள். பாலின் மேல் ஆடை படர்ந்திருந்தது.

“இதை ஆர் காய்ச்சினது?”

வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

“நான்தான், ஒவ்வொரு நாளும்,” என்றார் மாமியார். “கொதிக்காததைக் குடியாதேங்கோ எண்டு முகாமில ஸ்பீக்கரில கத்திக் கத்திச் சொன்னவங்கள். வயித்தாலடியில எத்தினை பிள்ளையள் போனதுகள்! பெட்டிக்குள்ள கிடக்கிறதுக்குப் பச்சையாக் குடுக்கச் சொல்லுறியோ?”

உள்ளே படுத்திருந்த தங்கை எழுந்து உட்கார்ந்தாள். அதன் பிறகு பச்சைப் பாலே போனது. ஆனால் பிள்ளைக்குக் கிருமி பிடித்துவிட்டது. அந்தக் கிழமையே செத்துப்போனது.

“பாலால இல்லை. பிள்ளை சரியான சின்னன்,” என்றார் டொக்டர். மாமியார் அதை நம்பவில்லை. நம்பவைக்க யாரும் மினக்கெடவுமில்லை. முகாமில் சொன்னதைத்தானே அவர் செய்தார்.

தங்கையின் சட்டை நனைந்துகொண்டேயிருந்தது. “அண்ணை, இது நிக்குதில்லை,” என்றாள். மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்றார் மாமியார். கடைத்தெருவுக்குப் போனேன்.

“கோயிலுக்கோ, கலியாணத்துக்கோ?” என்று பூக்காரி கேட்டாள்.

“கோயிலுக்கு.”

“அப்ப கூடப் போடுறன்,” என்று இன்னொரு பிடி அள்ளிப் பையில் போட்டாள்.