பாடமாக்கிய தடக்கல்

சிட்னியில், நார்த்மீட் பக்கத்துத் தமிழரில் பாதிப்பேருடைய நரம்பு இரஞ்சிதத்துக்குத் தெரியும். இரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. எவருடைய நரம்பு ஊசியைக் கண்டால் ஓடி ஒளிக்கும், எந்தப் பெரிய மனிதர் கதிரையிலேயே மயங்கிச் சரிவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வருகிறவரைப் பார்த்து வாய் நிறையச் சிரிப்பாள், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பாள், அவர் பதில் சொல்ல வாய் திறக்கிற நேரம் பார்த்து ஊசியை ஏற்றிவிடுவாள். அதனாலேயே தன்னைப் பார்த்து யாராவது அளவுக்கு மிஞ்சிச் சிரித்தால், ஊசி எங்கே என்று தேடுவாள்.

சந்தேகம் அவளோடு கூடப்பிறந்தது. மரக்கறிக்கடைக்காரன் சும்மா கொஞ்சம் கறிவேப்பிலை தந்தால், வாங்கின வாழைக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். புருஷன் கேதீஸ்வரன் வேலையால் நேரத்துக்கு வந்தால், ஏன் நேரத்துக்கு வந்தனீங்கள் என்று கேட்பாள். அந்த மனிதர் பாவம், குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டுக் குடிப்பார்.

அப்படிப்பட்டவளை மகளின் பள்ளிக்கூடத்தில், ஒருக்கால் வந்து கதைக்க முடியுமா என்று கூப்பிட்டார்கள். மகள் மிருணாளினி பரமட்டாவில் ஒரு மிடில் ஸ்கூலில் ஏழாம் வகுப்பு. ஆங்கில ஆசிரியை மிஸ் ஹாலோரன் வாசலுக்கே வந்து சிரித்தபடி கூட்டிப்போனாள். மிருணாளினி வகுப்பில் இருப்பதே ஒரு சந்தோஷம் என்றாள், அன்பான பிள்ளை, அபாரமான ஞாபகசக்தி என்றாள். இரஞ்சிதம் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். புகழ்ச்சி முடிந்த கையோடு ஊசி வந்தது. வாசிப்பில் மட்டும் கொஞ்சம் துணை தேவையாம். காலையில் சில பாடவேளைகளில் நூலகத்துக்குப் பக்கத்துச் சின்ன அறையில், இன்னும் சில பிள்ளைகளோடு இருத்தி வாசிக்கப் பழக்குவார்களாம். பள்ளித் தவணை முடிவில் ஒரு சோதனை, அதில் முன்னேறினவர்கள் தங்கள் வகுப்புக்கே திரும்பலாமாம்.

துணையாம், துணை. இரஞ்சிதம் படித்த பள்ளிக்கூடத்திலும் ஒரு கடைசி வாங்கு இருந்தது, படிப்பு வராதவர்களை இருத்துகிற பலகை. அங்கே போனவர்கள் முன்வாங்குக்குத் திரும்பி வந்ததை அவள் கண்டதில்லை. அங்கே வாத்தியார் மொக்கு என்று முகத்துக்கு நேரே சொல்லி இருத்தினார், இங்கே சிரித்துக்கொண்டு இருத்துகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று முடிவு கட்டினாள். மாட்டேன் என்று சொல்லப் பயம். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாள்.

அதன்பிறகு அவளுக்கு நித்திரை இல்லை. ஒரு நாள் வேலைக்குப் பிந்திப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, காரைப் பள்ளிக்கூட வேலியோரம் நிறுத்தி அந்த அறையின் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் கதிரைகளை வட்டமாய்ப் போட்டுக் குந்தியிருந்தார்கள். ஒருவர் மாறி ஒருவர் வாசித்தார்கள், நடுவில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிஸ் ஹாலோரனும் சிரித்தாள். பாடம் நடக்கிற இடத்தில் என்ன சிரிப்பு? பின்னேரம் மகளின் பையைக் கொட்டிப் பார்த்தாள். சிவப்பு மையால் வெட்டின ஒரு தாள்கூட இல்லை. பிழை திருத்தாமல் விடுகிறார்கள் என்றால், பிள்ளையைக் கைவிட்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்.

ஊர்வாய் வேறு. கோயிலில் பவளம் அன்ரி, மிருணாளினியைக் காலையில் வகுப்பால் கூட்டிக்கொண்டு போகினமாமே, என்ன விஷயம் என்று கேட்டா. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு விசேஷ வகுப்பு என்று இரஞ்சிதம் கண்ணை மூடித் திறக்கிற நேரத்தில் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டாள். சாமிக்கு முன்னால் நின்று சொன்ன பொய் அது.

இதற்கிடையில் பள்ளிக்கூடத்திலிருந்து, வீட்டில் வாசித்துப் பழக என்று சில ஆங்கிலக் கதைப் பந்திகள் வந்தன. சோதனையும் இவற்றிலிருந்துதான் வரும், பதற்றப்பட வேண்டாம் என்று மிஸ் ஹாலோரன் சொல்லிவிட்டிருந்தாள். அப்பாடா என்றிருந்தது இரஞ்சிதத்துக்கு. இது அவளுக்குக் கைவந்த வேலை அல்லவா.

சிட்னியில் பிள்ளைகளைத் தமிழ்ப் பேச்சுப் போட்டிக்கு அனுப்புகிற வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. தமிழ் எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு, பேச்சை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுப்பார்கள். பிள்ளை விளங்கியோ விளங்காமலோ அதைச் சொல்லுக்குச் சொல் பாடமாக்கும். மேடையில் கையை எங்கே தூக்குவது, எங்கே குரலை உயர்த்துவது என்பது வரை அம்மாவின் பயிற்சி. மிருணாளினிக்கு அந்த எழுத்துக்கூடத் தேவைப்படவில்லை. அம்மா ஒருக்கால் சொன்னால் போதும், பிடித்துவிடுவாள். வரவேற்பறை அலுமாரி நிறைய அவள் வென்ற கோப்பைகள்.

அதேபோல இதையும் பிடித்தார்கள். இரஞ்சிதம் வாசிக்க மகள் திருப்பிச் சொன்னாள், காரில், குசினியில், தலை வாரி இழுக்கும்போது. ஒரு நாள் மகள் பாதியில் நின்று, தெரியாது அம்மா என்றபோது, எங்கட வீட்டில தெரியாது எண்ட கதை இல்லை என்று இரஞ்சிதம் சீறினாள். கடைசியில் பிள்ளை மழை மாதிரிப் பொழிந்தாள். அப்போது இரஞ்சிதத்துக்கே ஒரு சந்தேகம் வந்தது, இவ்வளவு சுத்தமாகச் சொன்னால் அவர்களும் சந்தேகப்படுவார்களே.

"இந்த இடத்தில ஒருக்காத் தடக்குப்படு. சின்னனா ஒரு இருமல் இருமிப்போட்டு, திருப்பிச் சொல்லு. அப்பதான் வாசிக்கிறாய் எண்டு நம்புவினம்."

மிருணாளினி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இருமிப் பழகினாள்.

சோதனையில் தேறினாள். நம்பமுடியாத முன்னேற்றம், அடுத்த கிழமையிலிருந்து முழுநேரமும் தன் வகுப்பிலேயே இருக்கலாம் என்று செய்தி வந்தது. கேதீஸ்வரன், உண்மையாத்தான் வாசிச்சவளோ என்று இழுத்தார். அவரை ஒரு முறை முறைத்துவிட்டு, இரஞ்சிதம் இருவரையும் ஹரிஸ் பார்க்கில் ஒரு கடைக்குத் தோசை சாப்பிடக் கூட்டிப்போனாள்.

மகள் தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாளே தவிரச் சாப்பிடவில்லை. அந்த நேரம் கடை முதலாளி வந்து சுவரில் ஒரு இங்கிலீஷ் அறிவித்தலை ஒட்டினார். இரஞ்சிதம் கண்ணாடியைக் காரில் விட்டுவிட்டாள். என்ன போட்டிருக்கு என்று மகளைக் கேட்டாள். மிருணாளினி நிமிர்ந்து பார்த்தாள், கொஞ்சமும் யோசிக்காமல், வெளிச்சாப்பாடு கொண்டுவரக் கூடாதாம் என்றாள். கேதீஸ்வரன் திரும்பி அதை வாசித்தார். மெதுவாக எழும்பினார். பின்னால கார் விடுற வளவின்ர படலையைப் பூட்டப்போகினம், காரை எடுக்கட்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார்.

இரஞ்சிதம் மகளையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எத்தனை வருஷமாக இப்படி? பிள்ளை இந்த உலகத்தை வாசிக்காமல், ஊகித்து ஊகித்து வந்திருக்கிறாள். எல்லாரையும் சந்தேகப்பட்டவள் அந்த அலுமாரிக் கோப்பைகளை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

"அந்த ரூமில நான் ஒண்டும் பாடமாக்கத் தேவையில்லை அம்மா," என்றாள் மிருணாளினி, தட்டைப் பார்த்தபடி. "ஸ்லோவா வாசிச்சாலும் ஒருத்தரும் கோவிக்கேல்ல. எனக்குக் கொஞ்சம் கொஞ்சம் வரத் தொடங்கினது."

திங்கட்கிழமை இரஞ்சிதம் மிஸ் ஹாலோரனுக்கு முன்னால் போய் இருந்தாள். பாடமாக்கினதையும் இருமலையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். வெளியே போ என்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தாள். மிஸ் ஹாலோரனோ, வீட்டுக்குத் தந்த பந்தியையே சோதனைக்கும் வைத்தது தன் பிழை என்றாள். ஆனால் மிருணாளினியின் இடத்துக்கு வேறொரு பிள்ளை வந்தாயிற்று. புதிய பந்தி ஒன்றை வாசிக்க வைத்துப் பார்க்கிறேன், துணை கட்டாயம் தேவை என்று அதில் தெரிந்தால் மட்டும்தான் இன்னொரு கதிரை போட அனுமதி கேட்கலாம் என்றாள். இம்முறை அவள் சிரிக்கவில்லை.

மிருணாளினியை வாசிக்க வைத்த அறையின் கதவு பாதி திறந்திருந்தது. வெளியே வாங்கில் இரஞ்சிதம் குந்தினாள். உள்ளே மிருணாளினி தொடங்கினாள். முதல் வரி வழுக்கிக்கொண்டு போனது. ஐயோ, இதையும் எங்கேயோ கேட்டுப் பிடித்துவிட்டாளோ என்று இரஞ்சிதம் கதவுப்பக்கம் சாய்ந்தாள். புலமைப்பரிசில், பேச்சுப் போட்டி என்று எத்தனை சோதனைக்கு எத்தனை தாய்மார் கோயிலில் நேர்ந்திருப்பார்கள். பிள்ளை தடக்கவேண்டும் என்று எவள் கும்பிட்டிருப்பாள்? இரஞ்சிதம் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள்.

இரண்டாம் வரியில் குரல் நின்றது. இருமல் வந்தால் எல்லாம் பொய்.

இருமல் வரவில்லை. மிருணாளினி ஒரு எழுத்தைச் சொன்னாள், அடுத்த எழுத்தைச் சொன்னாள், இரண்டையும் சேர்க்கப் பார்த்தாள், விட்டாள்.

"எனக்கு இது தெரியாது, மிஸ்," என்றாள்.

குரலில் பயம் இல்லை. சரி, வா, இரண்டு பேருமாய்ப் பார்ப்போம் என்று மிஸ் ஹாலோரன் சொல்வதும், கதிரை ஒன்றைக் கிட்ட இழுக்கிற சத்தமும் கேட்டன. இரஞ்சிதம் கூப்பின கையை எடுக்கவேயில்லை.